பூனையின் கண்ணும் நம் வெளிச்சமும்

(புகைப்பட ஆர்வலர்களின் மாதக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதக் கூட்டம் முடிந்து படியிறங்கிக்கொண்டிருந்தபோது நம் உறுப்பினர் ஒரு அம்மா என்னை ஓரமாக நிறுத்திக் கைபேசியை நீட்டினார். "சார், இதுக்குக் கண்ணுல ஏதாவது கோளாறா இருக்குமா? டாக்டர்கிட்ட காட்டணுமா?" என்று கேட்டார். படத்தில், சோபாவின் கைப்பிடியில் ஒரு சாம்பல் நிறப் பூனை. மீசை தெரிகிறது, காது தெரிகிறது. கண் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் இரண்டு பச்சை பல்பு எரிகிறது. "பூனைக்கு ஒண்ணும் இல்லம்மா, வெளிச்சம் வந்த இடம்தான் சரியில்ல" என்றேன். "அப்ப எங்கேருந்து வரணும்?" என்றார். படிக்கட்டில் நின்றுகொண்டு பதில் சொல்லக்கூடிய கேள்வியா அது? பக்கத்தில் இருந்த நம் செயலாளர் காதில் அது விழுந்துவிட்டது. இன்றைக்கு நான் இந்த மேடையில் நிற்பதற்குக் காரணம் அவ்வளவுதான்.

பாற்கடலை நக்கிக் குடித்துவிடலாம் என்று போன பூனையைப் போல நான் இராமகதை சொல்ல வந்தேன் என்று கம்பர் அவையடக்கம் சொன்னார். அவர் முன்னால் கடல் இருந்தது. என் முன்னால் இருப்பது வெறும் பூனைதான். ஆனாலும் நாற்பது வருடத்துக்கும் மேலாக அந்தப் பூனையை என்னால் குடித்து முடிக்க முடியவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

என் முதல் பூனைப் படத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். மாயவரத்தில் என் மாமா ஸ்டூடியோ வைத்திருந்தார். 1976-ஆம் வருடம். பள்ளி விடுமுறையில் நான் அங்கே எடுபிடி. அப்போது எங்கள் கடையில் ஃபிளாஷ் என்றால் பல்புதான். நீல மேல்பூச்சு பூசிய சின்னக் கண்ணாடி பல்பு. ஒரு படத்துக்கு ஒரு பல்பு. பளீரென்று எரிந்து, கண்ணாடி கொப்பளித்து, கையில் தொட்டால் சுடும். ஃபிலிம் ரோலுக்குப் பன்னிரண்டு படம். மாமா சாப்பிடப் போன நேரத்தில், டார்க்ரூம் வாசலில் அட்டைப்பெட்டிக்குள் படுத்திருந்த கடைப் பூனையை நான் மூன்று படம் எடுத்தேன். மூன்று பல்பு, மூன்று ஃபிரேம். சாயங்காலம் ரோலைக் கழுவிப் பிரிண்ட் போட்டு ஈரத்தோடு தூக்கிப் பார்த்த மாமா சொன்னார்: "டேய், பூனையை எடுத்திருந்தாலும் பரவால்ல, பேயை எடுத்து வச்சிருக்கியேடா!"

கறுப்பு வெள்ளைப் படம். முகம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துக் கிடந்தது. கண் இரண்டும் வெள்ளைப் பொட்டு. பின்னால் சுவரில் பூனையைவிடப் பெரிதாக ஒரு கறுப்பு நிழல். காசு போனதற்கு இரண்டு திட்டு திட்டிவிட்டு, மறுநாள் அவரே அந்தப் பூனையை அதே இடத்தில் வைத்து ஒரே ஒரு பல்பு செலவழித்து எடுத்துக் காட்டினார். கேமராவிலிருந்து ஃபிளாஷைக் கழற்றிக் கையில் பிடித்து, பூனைக்கு முதுகு காட்டி, சுண்ணாம்பு அடித்த பக்கச் சுவரைப் பார்த்து வெடித்தார். "வெளிச்சத்தைப் பூனை மேல எறியாதடா. வீட்டு மேல எறி. வீடு பூனைக்குக் குடுக்கும்" என்றார். நான் இன்றைக்குப் பேசப்போவது முழுக்க அந்த ஒரு வாக்கியத்துக்கு உரைதான்.

முதலில் கண்ணைப் பார்ப்போம்.

நம் கண்ணுக்குள் நுழையும் வெளிச்சம் விழித்திரையில் படுகிறது. பட்டதில் ஒரு பங்கைத் திரை பிடித்துக்கொள்கிறது. பிடிபடாதது அதற்குப் பின்னால் போய் வீணாகிறது. பூனைக்கு அந்த வீண்செலவு கிடையாது. அதன் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடிபோல் ஒரு படலம் இருக்கிறது. முதல் தடவை தப்பிய வெளிச்சத்தை அந்தப் படலம் திருப்பி அனுப்பி, விழித்திரைக்கு இரண்டாவது வாய்ப்பு கொடுக்கிறது. நமக்குத் தேவைப்படும் வெளிச்சத்தில் ஆறில் ஒரு பங்கு இருந்தாலே பூனை பார்த்துவிடும் என்று சொல்வதற்கு இந்தப் படலமும் ஒரு காரணம். இரண்டாவது வாய்ப்பிலும் பிடிபடாமல் மிஞ்சிய வெளிச்சம் வந்த வழியே வெளியே வருகிறது. அதைத்தான் அந்த அம்மா பச்சை பல்பு என்று பார்த்தார்.

இந்த 'வந்த வழியே' என்ற சொல்லைத்தான் கவனிக்க வேண்டும். அதைக் காட்டுவதற்காக ஒரு பொருள் கொண்டுவந்திருக்கிறேன். சைக்கிள் மட்கார்டில் இருக்குமே, சிவப்பு ரிஃப்ளெக்டர், அதுதான். தம்பி, நீங்கள் இதை எடுத்துக்கொண்டு போய்க் கடைசி வரிசைக்குப் பின்னால் என்னைப் பார்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். விளக்கை அணைக்கலாம்.

(அரங்கின் விளக்குகள் அணைக்கப்பட்டன.)

இந்த டார்ச்சை என் நெற்றிப்பொட்டை ஒட்டி வைத்து அடிக்கிறேன். எனக்கு அந்த ரிஃப்ளெக்டர் கனல்போல் எரிகிறது. பக்கத்து வரிசைகளில் இருக்கும் உங்களுக்கு? தெரியவில்லை, இல்லையா? சிவப்பாக ஏதோ ஒன்று, அவ்வளவுதான். இப்போது டார்ச்சை ஒருவரிடம் கொடுத்து ஆறடி தள்ளி நின்று அடிக்கச் சொல்கிறேன். எனக்கும் அணைந்துவிட்டது. ஆனால் டார்ச் பிடித்திருப்பவருக்கு எரிகிறது. விளக்கைப் போடலாம், நன்றி.

ரிஃப்ளெக்டர் செய்ததையேதான் பூனையின் கண்ணும் செய்கிறது. வெளிச்சம் அனுப்பியவருக்கே அது வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது. வேறு யாருக்கும் தருவதில்லை. கைபேசியில் லென்ஸும் விளக்கும் ஒரு விரல் அகலத்துக்குள் இருக்கின்றன. அதனால் திரும்பி வரும் வெளிச்சம் நேராக லென்ஸுக்குள் விழுகிறது. ஆகவே அந்தப் பச்சை பல்பு நாம் நின்ற இடத்தின் முகவரி.

இங்கிலாந்தில் யார்க்ஷயரைச் சேர்ந்த பெர்சி ஷா 1934-இல் இந்தத் தத்துவத்தை வைத்துத்தான் சாலை நடுவே பதிக்கும் கண்ணாடிக் கட்டைக்குக் காப்புரிமை பெற்றார். பனிமூட்டமான இரவில், வேலி மேல் இருந்த பூனையின் கண் வண்டி விளக்கில் மின்னியதைப் பார்த்ததும் யோசனை வந்தது என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, பொருளுக்குப் பெயர் 'பூனைக்கண்' என்றே நிலைத்துவிட்டது. நம் பக்கத்தில் வைடூரியத்துக்கும் அதே பெயர். கல்லைத் திருப்பத் திருப்ப அதன் நடுவே ஒரு வெள்ளைக் கோடு ஓடும். யோசித்துப் பாருங்கள்: வைடூரியம், வெயிலில் கோடாய்ச் சுருங்கிய பகல் பூனையின் கண். சாலையில் பதித்தது, இருட்டில் விரிந்து எரியும் இராப் பூனையின் கண். நமக்குப் படத்தில் எது வேண்டும்? வைடூரியம்தான் வேண்டும்.

அதற்கு முதல் வேலை, அறையில் டியூப்லைட்டைப் போடுவது. பலர் நேர் எதிராகச் செய்கிறார்கள். ஃபிளாஷ் இருக்கிறதே என்று விளக்கை அணைத்துவிடுகிறார்கள். இருட்டில் பூனையின் கண் பாப்பா முழுக்க விரிந்து நிற்கிறது. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் பேங்க்ஸும் அவரோடு சேர்ந்தவர்களும் 2015-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கணக்கு வருகிறது: மனிதனின் பாப்பா சுருங்கி விரிவதில் பரப்பு சுமார் 15 மடங்கு மாறும், வீட்டுப் பூனைக்கு 135 மடங்கு. அவ்வளவு பெரிய கதவைத் திறந்து வைத்துவிட்டு, உள்ளே இருக்கும் கண்ணாடி தெரிகிறதே என்று குறைப்பட்டால் எப்படி? விளக்கைப் போடுங்கள். கதவு தானாக ஒருக்களித்துக்கொள்ளும். கண்ணின் மஞ்சளும் பச்சையும் அப்போதுதான் படத்தில் வரும்.

எல்லாப் பூனைக்கும் பச்சை எரியாது. சியாமிய இனம் போன்ற நீலக்கண் பூனைகள் பலவற்றுக்கு மனிதரைப்போலச் சிவப்பாகத்தான் எரியும். அது இரத்தக் குழாய்களின் நிறம். கேமராவில் இருக்கும் 'ரெட் ஐ' நீக்கி சிவப்பைத்தான் தேடும். பச்சையைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது.

இங்கே ஒரு சின்ன விலகல். வீட்டில் குழந்தைகள் இருப்பதால் சொல்கிறேன். குழந்தைகளை ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் கண் சிவப்பாக வந்தால் பயம் இல்லை. ஒரு கண் மட்டும் தொடர்ந்து வெள்ளையாக மின்னினால் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். விழித்திரையில் வரும் ஒருவகைப் புற்றுநோய் சில சமயம் அப்படித்தான் முதலில் வெளிப்படுகிறது. பூனைக்கு டாக்டரைத் தேடிய அம்மாவின் எச்சரிக்கை உணர்வு தவறே அல்ல.

சரி, கண் மின்னுவதை வைத்தே பெயர் வாங்கியவரும் ஒருவர் இருக்கிறார். அமெரிக்காவில் ஜார்ஜ் ஷைராஸ் என்பவர். வேட்டைக்காரர், பிறகு நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். அங்கே இரவில் படகின் முன்னால் விளக்கை வைத்துக்கொண்டு ஓசைப்படாமல் துடுப்புப் போட்டுப் போவார்கள். கரையில் இரண்டு கண் மின்னும். அந்த இரண்டுக்கும் நடுவே சுடுவார்கள். ஷைராஸ் அதே படகில், அதே விளக்கோடு, துப்பாக்கி இருந்த இடத்தில் கேமராவை வைத்தார். குண்டுக்குப் பதில் ஃபிளாஷ் பொடி. 1902-இல் கனடாவின் ஒன்டாரியோவில் லூன் ஏரிக்கரையில் அவர் எடுத்த லின்க்ஸ் பூனையின் படம் இன்றைக்கும் பார்க்கக் கிடைக்கிறது. காட்டுப்பூனை ஒன்று இருட்டை முதுகில் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது. கீழே தண்ணீரில் அதன் பிம்பம். 1906 ஜூலை நேஷனல் ஜியாகிரஃபிக் இதழ் அவருடைய 74 படங்களை ஒரே கட்டுரையில் வெளியிட்டது. காட்டில், முன்பின் தெரியாத பூனையை அந்த முறையில் எடுப்பதில் நியாயம் உண்டு. வீட்டுப் பூனை விஷயம் வேறு. அது எங்கே படுக்கும், எத்தனை மணிக்குச் சோம்பல் முறிக்கும் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். வேட்டைக்காரனைப்போல முகத்துக்கு நேரே விளக்கடிக்க நமக்கு என்ன அவசியம்?

இப்போது சுவருக்கும் கூரைக்கும் வருவோம். மாமா சொன்ன 'வீட்டு மேல எறி' என்பதில் கொஞ்சம் கணக்கு இருக்கிறது.

வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்குக் குறையும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். ஃபிளாஷிலிருந்து பூனையின் மூக்கு 2 அடி, பின்சுவர் 6 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவர் மூன்று மடங்கு தூரம். எனவே மூக்குக்குக் கிடைக்கும் வெளிச்சத்தில் ஒன்பதில் ஒரு பங்குதான் சுவருக்கு. மூக்கு வெளுத்துப்போய், வால் பாதி இருட்டில், பின்னால் குகை. நான் எடுத்த பேய் அதுதான். இப்போது ஃபிளாஷின் தலையை 10 அடி உயரக் கூரைக்குத் திருப்புங்கள். நாம் தரையில் படுத்திருக்கிறோம். வெளிச்சம் எட்டடி மேலே போய், ஒன்பதடி கீழே வருகிறது. மூக்குக்கும் 17 அடி, வாலுக்கும் ஏறக்குறைய 17 அடி, சுவருக்கும் கிட்டத்தட்ட அதே. பந்தியில் எல்லா இலைக்கும் ஒரே அளவு சாம்பார். அதோடு, விரல் நீளத்துக்கு இருந்த விளக்கு இப்போது கூரை முழுக்கப் பரவிய விளக்காகிவிட்டது. நிழலின் விளிம்பு கரைந்துவிடும். கண்ணுக்குள் போகும் வெளிச்சமும் மேலேயிருந்து வருவதால், அது திரும்பிப் போவது கூரைக்குத்தான், லென்ஸுக்கு அல்ல. கோளாறு மூன்றும் ஒரே திருப்பலில் போய்விட்டது.

இதற்கு விலை உண்டு. வழியில் இரண்டு மூன்று ஸ்டாப் வெளிச்சம் காணாமல் போகும். ஐ.எஸ்.ஓ.வை 100-இலிருந்து 800-க்கு ஏற்றினால் அந்த மூன்று ஸ்டாப் திரும்பிவிடும். இன்றைய கேமராக்களுக்கு 800 ஒரு பெரிய சுமை இல்லை.

வீடு கொடுக்கும் என்றேனே, வீடு எப்படிப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். நம் வீடுகளில் சுவருக்குக் கிளிப்பச்சை, ரோஸ், மாம்பழ மஞ்சள் எல்லாம் அடிக்கிறோம். பச்சைச் சுவரில் எறிந்தால் வீடு பச்சை வெளிச்சம்தான் கொடுக்கும். வெள்ளைப் பூனை வெற்றிலை நிறத்துக்கு வந்துவிடும். கூரையை மட்டும் பெரும்பாலும் வெள்ளையாக விட்டுவைக்கிறோம், அது நம் அதிர்ஷ்டம். கூரைக்கு நடுவே ஃபேன் ஓடுகிறது. ஃபேனைப் பார்த்து அடித்தால் ஓடும் இறக்கையில் பட்டு வெளிச்சம் ஒரு படத்துக்குக் கூடவும் ஒரு படத்துக்குக் குறைவாகவும் வரும். 'ஃபிளாஷ் சரியில்லை' என்று கடைக்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ஃபேனை நிறுத்துங்கள், அல்லது ஃபேனுக்கும் சுவருக்கும் நடுவே காலியான இடத்தைக் குறிவையுங்கள்.

ஓட்டு வீடு, ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால்? கொடியில் ஒரு நாலு முழ வேட்டியைக் காயப்போடுங்கள். வேட்டிக்கு அந்தப் பக்கம் ஃபிளாஷ், இந்தப் பக்கம் பூனை. ஸ்டூடியோக்காரர்கள் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் சாஃப்ட்பாக்ஸ் செய்யும் வேலையை அது செய்யும். நீலம் தூக்கலாகப் போட்ட வேட்டி மட்டும் வேண்டாம்.

கைபேசி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் இருப்பது உண்மையில் ஃபிளாஷ் இல்லை, சின்ன எல்.இ.டி. விளக்கு. கேமரா ஃபிளாஷ் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதற்கும் குறைவான நேரத்தில் வெடித்து ஓய்ந்துவிடும். அந்த வேகத்தில் ஓடும் பூனையும் உறைந்து நிற்கும். எல்.இ.டி.க்கு அந்த வேகமும் இல்லை, பலமும் இல்லை. அதை அணைத்துவிட்டு ஜன்னலோரம் போங்கள். இரவு என்றால் வீட்டில் இன்னொருவர் கைபேசியின் டார்ச்சை வெள்ளைச் சுவரில் அடிக்கட்டும், நீங்கள் உங்கள் கைபேசியில் எடுங்கள். மாமாவின் முறைதான், பல்பு மட்டும் வேறு.

இதுவரை வெளிச்சத்தின் பக்கம் பேசினேன். பூனையின் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும்.

"எங்க வீட்டுப் பூனை எல்லாப் படத்துலயும் பாதிக் கண்ணை மூடிக்குது" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். காரணம், ஃபிளாஷை டி.டி.எல். என்ற தானியங்கி முறையில் வைத்திருப்பதுதான். அந்த முறையில் ஃபிளாஷ் இரண்டு தடவை எரியும். முதலில் அளவு பார்க்க ஒரு மெல்லிய வெளிச்சம், பிறகு படத்துக்கான வெளிச்சம். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும். பூனை முதல் வெளிச்சத்துக்கே இமைக்கத் தொடங்கிவிடுகிறது. இரண்டாவது வரும்போது இமை பாதி வழியில் இருக்கிறது. ஃபிளாஷை மேனுவலுக்கு மாற்றுங்கள். ஒரே தடவைதான் எரியும். பூனை இமைப்பதற்குள் படம் முடிந்துவிடும். கூரை உயரம் மாறப்போவதில்லை. ஆகவே ஒருமுறை அளவு கண்டுபிடித்துவிட்டால் அந்த அறைக்கு என்றைக்கும் அதே அளவுதான். சமையலுக்கு உப்புப் போடுவதுபோல் கை பழகிவிடும்.

அடுத்தது காது. நம் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. பூனை அதற்கு நான்கு மடங்கு உயர்ந்த ஒலியையும் கேட்கிறது. பழைய ஃபிளாஷ் சார்ஜ் ஏறும்போது 'கீ...' என்று ஒரு சத்தம் வருமே, நமக்கே கேட்கிற அந்தச் சத்தம் பூனைக்கு எப்படி இருக்கும்! படம் எடுக்கப்போகும் நேரத்தில் பையிலிருந்து எடுத்துப் போட்டால் பூனை கட்டிலுக்கு அடியில் போவதில் வியப்பில்லை. கால் மணி நேரம் முன்னதாகவே ஃபிளாஷைப் போட்டுத் தரையில் வையுங்கள். வந்து முகர்ந்து பார்க்கும். கன்னத்தை அதில் உரசும். தன் உடைமை என்று முத்திரை குத்திவிட்டால் பிறகு பயப்படாது. முதல் இரண்டு வெடிப்பும் அறையின் மறுகோடியைப் பார்த்து இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் வேகவைத்த மீனில் ஒரு துணுக்கு.

ஃபிளாஷ் பூனையின் கண்ணைக் கெடுக்குமா என்று கேட்பீர்கள். வளர்ந்த, நலமான பூனைக்குச் சாதாரண கேமரா ஃபிளாஷால் கண் போகும் என்று பயப்பட வேண்டியதில்லை. விலங்கு மருத்துவர் விழித்திரையைச் சோதிக்கும்போது விளக்கை நேரே கண்ணுக்குள்தான் அடிக்கிறார். ஆனால் கெடுதல் இல்லை என்பதும் பிடித்திருக்கிறது என்பதும் ஒன்றாகுமா? இருட்டுக்குப் பழகிய கண்ணில் திடீரென்று அடித்தால் நமக்குச் சில நொடி ஒன்றும் தெரியாமல் போகிறதே, அது அதற்கும் நடக்கும். அந்த நேரத்தில் அது அலமாரி மேலிருந்து குதிக்கக்கூடும். கண் திறந்து சில வாரங்களே ஆன குட்டிகளுக்கு நான் ஃபிளாஷே போடுவதில்லை. உடம்பு சரியில்லாத பூனைக்கும் போடுவதில்லை. நல்ல பூனைக்கும் ஒரு வேளைக்கு ஐந்து வெடிப்புக்கு மேல் கிடையாது. காது பின்னால் படிந்தால், வால் தரையில் அடிக்கத் தொடங்கினால் மூன்றாவதிலேயே கடையைச் சாத்திவிடுவேன்.

நம் துறையின் வரலாற்றில் இதன் இரண்டு பக்கத்துக்கும் சாட்சி இருக்கிறது. 1948-இல் பிலிப் ஹால்ஸ்மன், ஓவியர் சால்வடார் டாலியை வைத்து எடுத்த படம் உங்களில் பலருக்குத் தெரியும். டாலி அந்தரத்தில், நாற்காலி அந்தரத்தில், ஒரு வாளித் தண்ணீர் வளைந்து பறக்கிறது, மூன்று பூனைகள் காற்றில். அதை எடுக்க இருபதுக்கும் மேற்பட்ட தடவை உதவியாளர்கள் பூனைகளையும் தண்ணீரையும் வீசினார்கள். ஒவ்வொரு தடவையும் தரையைத் துடைத்து, பூனைகளைத் துரத்திப் பிடித்து, மறுபடி வீசினார்கள். படம் பிரமாதம்தான். நானும் இளவயதில் அதை வியந்தவன். இப்போது அதைப் பார்க்கும்போது என் பார்வை டாலியின் மீசைக்குப் போவதில்லை. அந்தப் பூனைகளின் விரிந்த நகத்துக்குப் போகிறது.

அதற்கு அடுத்த வருடக் குளிர்காலம், ஹால்ஸ்மன் இருந்த அதே நியூயார்க் நகரம். வால்டர் சாண்டோஹா என்ற இளைஞர் பனியில் நடுங்கிக்கொண்டிருந்த ஒரு குட்டியைக் கோட்டுப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போனார். லோகோ என்று பெயர் வைத்தார். வீட்டுக்குள் அது போட்ட ஆட்டத்தைப் படமெடுக்க ஆரம்பித்தவர், 2019-இல் 98 வயதில் இறக்கும்வரை சுமார் 90,000 பூனைப் படங்கள் எடுத்திருந்தார். அவருடைய படங்களிலும் பல செயற்கை ஒளியில் எடுத்தவைதான். ஒரு விளக்கைப் பூனைக்குப் பின்னால் வைத்து, மயிரின் விளிம்பெல்லாம் வெள்ளிக் கம்பியாய் மின்னச் செய்வது அவர் கைவண்ணம். பூனையின் மட்டத்துக்குக் கீழே இறங்கிப் படுத்து எடுப்பார். பூனையைப் பிடிப்பதும் சமாதானம் செய்வதும் அவர் மனைவி மரியாவின் வேலை. ஒரே காலம், ஒரே நகரம், இரண்டு பேரிடமும் ஃபிளாஷ் இருந்தது. ஒருவர் பூனையை வெளிச்சத்துக்குள் வீசினார். இன்னொருவர் பூனை இருந்த இடத்துக்கு வெளிச்சத்தைக் கொண்டுபோனார்.

கடைசியாக என் வீட்டுக் கூடத்துக்கு உங்களை அழைத்துப் போகிறேன். எங்கள் பூனைக்குப் பெயர் கருப்பி. பெயரிலேயே சிக்கல் தெரிகிறது. உடம்பில் ஒரு வெள்ளை மயிர்கூடக் கிடையாது. கறுப்புப் பூனையைக் கேமராவின் மீட்டர் நம்பாது. 'இவ்வளவு இருட்டா' என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிக் கருப்பியைச் சாம்பல் ஆக்கிவிடும். தானியங்கியில் எடுத்தால் ஒரு ஸ்டாப் குறைக்க வேண்டும். வெள்ளைப் பூனைக்கு ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டும். அதைவிட முக்கியம், கறுப்பு மயிரில் வெளிச்சம் பரவினால் ஒன்றும் தெரியாது, வழுக்கினால்தான் தெரியும். எண்ணெய் தடவிய கூந்தலில் எப்படி ஒரு பளபளப்பு ஓடுகிறதோ அப்படி. அதனால் கூரை வெளிச்சத்தோடு பக்கவாட்டிலும் ஏதாவது வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணி. கருப்பி வழக்கமாகக் கூடத்துப் பாயில் விழிக்கும் நேரம். டியூப்லைட் எரிகிறது. ஃபேனை நிறுத்தினேன். பாயின் இடது பக்கம் நாற்காலி முதுகில் ஒரு வெள்ளை வேட்டியை மடித்துத் தொங்கவிட்டேன். கூரையிலிருந்து இறங்கும் வெளிச்சத்தில் கொஞ்சத்தை அது வாங்கிக் கருப்பியின் விலாவுக்குக் கொடுக்கும். 50 மி.மீ. லென்ஸ், எஃப் 4, ஷட்டர் 1/200, ஐ.எஸ்.ஓ. 800. ஃபிளாஷ் மேனுவலில் எட்டில் ஒரு பங்கு, தலை கூரையைப் பார்த்து. மூன்றரை அடி தள்ளி நான் வயிறு தரையில் படக் குப்புறப் படுத்தேன். இந்த வயதில் படுப்பது சுலபம், எழுந்திருப்பதுதான் கஷ்டம். அடுக்களை வாசலில் என் மனைவி கிண்ணத்தில் வேகவைத்த மத்தியோடு நின்றாள். "ஏங்க, எவ்வளவு நேரம்? உலை கொதிக்குது" என்றாள்.

கருப்பி என்னைப் பார்த்தது. நான் கண்ணை மெதுவாக மூடி மெதுவாகத் திறந்தேன். சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, மனிதர் அப்படி மெல்ல இமைத்தால் பூனைகளும் திரும்ப மெல்ல இமைக்கின்றன, கிட்டே வரவும் கூடுதலாக விரும்புகின்றன என்று காட்டியது. நம் ஊரில் பூனை கண்ணை மூடினால் அதற்குத் திருட்டுப் பட்டம் கட்டுவோம். கண்ணை மூடிக்கொண்டு உலகமே இருண்டுவிட்டதாக நினைக்கிறது என்று பழமொழி சொல்லிச் சிரிப்போம். மாமல்லபுரத்துப் பாறையில் கையைத் தூக்கித் தவம் செய்கிற பூனையைப் பார்த்து, காலடியில் எலிகளையும் பார்த்து, கபடம் என்போம். எனக்குத் தெரிந்தவரை பூனை நம் எதிரில் கண்ணை மூடுவது, உன்னைக் கண்காணிக்க வேண்டிய தேவை எனக்கு இல்லை என்று சொல்வதற்குத்தான். கருப்பி மெல்ல மூடியது, திறந்தது. திறந்ததும் அழுத்தினேன். காது அசையவில்லை. இன்னொன்று. மூன்றாவதுக்குள் மத்தியின் வாசனை அதை இழுத்துக்கொண்டு போய்விட்டது. மொத்தம் இரண்டு படம்.

அந்த இரண்டில் ஒன்றைப் பெரிதாக அச்சிட்டுக் கொண்டுவந்திருக்கிறேன். வரிசையாகக் கைமாற்றிப் பாருங்கள். மாயவரத்துக் கடைப் பூனையின் கண்ணில் அன்று இருந்தது என் பல்பு மட்டும்தான். இதில் கருப்பியின் வலது கண்ணைக் கிட்டே பாருங்கள். பாப்பா கோடுபோல் நிற்கிறது, வைடூரியம். அதற்கு மேலே அகலமாக ஒரு வெள்ளை, அது எங்கள் வீட்டுக் கூரை. அதில் நிற்கும் ஃபேனின் மூன்று இறக்கையும் தெரியும். இடது ஓரத்தில் நகக்கீறல் அளவு வெள்ளை, அது வேட்டி. கீழே தரையோடு ஒட்டிய கறுப்பு மூட்டை நான். வலது ஓரத்தில் நிலைப்படிக்குப் பக்கத்தில் செங்குத்தாக ஒரு சின்னக் கோடு தெரிகிறதா? அது கையில் மீன் கிண்ணத்தோடு என் மனைவி. உலை பொங்கிவிட்டது என்று அன்றைக்குத் திட்டினாள். படத்தைப் பார்த்த பிறகு ஒன்றும் சொல்லவில்லை. கிண்ணத்தை மட்டும் கழுவி வைத்தாள்.